மாமியாருக்கு 85 மதிப்பெண்: அன்றாடப் பராமரிப்புத் தேவையை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 81. ஆறு மாதங்களுக்கு முன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் வாக்கர் பிடித்து நடக்கிறார். பராமரிப்பு உதவிக்காக மதிப்பீடு செய்ய ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் பேசினார். "குளிக்க மட்டும் மருமகள் கூட வருவாள், மற்றதெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அறிக்கையில் 100க்கு 85 என்றும், சிறிதளவு உதவி போதும் என்றும் வந்திருக்கிறது. உண்மையில், படுக்கையிலிருந்து எழ நான் கை கொடுக்க வேண்டும். உடையைப் பாதி நான்தான் போட்டுவிடுகிறேன். கழிப்பறைக்கு இரவிலும் கூடவே போகிறேன். சில நாள் போய்ச் சேர்வதற்குள் சிறுநீர் கசிந்துவிடுகிறது. சாயங்கால மாத்திரையைப் போட்டுக்கொண்டாரா என்பது அவருக்கே நினைவிருப்பதில்லை. எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்றும் சொல்கிறார். வெளியூரில் இருக்கும் என் கணவரின் அண்ணன், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நான் மிகைப்படுத்துவதாக நினைக்கிறார். இந்த எண் எப்படி வருகிறது? மறுபடியும் மதிப்பிடச் சொல்லலாமா? மாமியாரின் மனம் நோகாமல் உண்மை நிலையை எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மிகைப்படுத்தவில்லை. உங்கள் மாமியார் பொய் சொன்னதாகவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதியோர் நல மருத்துவராக இத்தகைய அறிக்கைகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். வந்தவர் கேட்டது ஒன்று, உங்கள் மாமியார் பதில் சொன்னது இன்னொன்று என்பதுதான் இங்கே நடந்திருக்கிறது. "குளிக்க முடியுமா, உடுத்த முடியுமா" என்று கேட்டால், தன் வீட்டில் தன் மரியாதையோடு உட்கார்ந்திருக்கும் எந்த முதியவரும் முடியும் என்றுதான் சொல்வார். மதிப்பீடு பதிவு செய்ய வேண்டியதோ, நேற்றும் இன்றும் அந்தக் காரியம் யார் கையால், யாருடைய துணையோடு நடந்தது என்பதை. உங்கள் மூன்று கேள்விகளுக்குமான பதில் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதலில் அந்த எண். நூற்றுக்கு 85 என்பதையும், நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களையும் வைத்துப் பார்த்தால், பயன்படுத்தப்பட்டது பார்த்தெல் அட்டவணையாகத்தான் இருக்க வேண்டும். புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டொரோதியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் 1965இல் வெளியிட்ட இந்த அட்டவணையில் பத்துச் செயல்கள் இருக்கின்றன: உண்பது, குளிப்பது, முகம் கழுவித் தலைவாரிக்கொள்வது, உடுத்துவது, மலக் கட்டுப்பாடு, சிறுநீர்க் கட்டுப்பாடு, கழிப்பறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. குளியலுக்கும் முகம் கழுவுவதற்கும் தலா 5தான். படுக்கையிலிருந்து மாறுவதற்கும் நடப்பதற்கும் தலா 15. மற்றவற்றுக்குத் தலா 10. உடன் இருப்பவர் எவ்வளவு நேரமும் உடலுழைப்பும் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கணக்கில் கொண்டே இந்த எடைகள் வைக்கப்பட்டன. சில இடங்களில் இதையே 20க்கு மதிப்பெண்ணாகச் சுருக்கி எழுதுவார்கள், அளவுகோல் ஒன்றுதான்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். குளியலுக்கு உங்கள் துணை வேண்டும் என்று மாமியாரே சொன்னதால் அங்கே 5 போயிருக்கும். நடக்கும்போது ஒருவர் அருகில் இருப்பதையும், படியில் தயங்குவதையும் வந்தவர் கண்ணால் பார்த்து, அவற்றுக்குத் தலா 5 குறைத்திருப்பார். ஆக 85. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை அதே அட்டவணையில் பொருத்தினால், பாதி உதவியோடு உடுத்துவதற்கு 5 குறையும். கை கொடுத்தால்தான் எழ முடிகிறது என்பதற்கு 5 குறையும். கழிப்பறைத் துணைக்கு 5, அவ்வப்போது சிறுநீர் கசிவதற்கு 5. மொத்தம் 65 வருகிறது. ஒரே பெண்மணி, ஒரே வாரம், ஒரே அட்டவணை. இருபது மதிப்பெண் வித்தியாசம். என் கணக்கும் ஒரு கடிதத்தை நம்பிப் போட்டதுதான், நேரில் பார்த்துப் போட்டதல்ல; ஆகவே 65 என்பதைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். எந்த நான்கு இடங்களில் தகவல் விடுபட்டது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி மதிப்பிடச் சொல்லலாமா என்று தயங்க வேண்டியதே இல்லை. இந்த அட்டவணைக்காக 1988இல் வெளியான வழிகாட்டுதல் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் என்ன செய்யக்கூடும் என்பதை விட்டுவிட்டு, அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே எழுத வேண்டும். பெரும்பாலும் கடந்த 24 முதல் 48 மணி நேரத்தில் நடந்ததே கணக்கு. அடுத்து, தொட்டுத் தூக்காவிட்டாலும், ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தால் அவர் அந்தச் செயலில் சுதந்திரமானவர் அல்லர். மூன்றாவதாக, நோயாளியிடம் மட்டுமின்றி, உடனிருக்கும் உறவினரிடமும் செவிலியரிடமும் கேட்டு விவரம் சேர்ப்பதே வழக்கம். அப்படியானால், உங்கள் வாக்குமூலம் இல்லாமல் முடிக்கப்பட்ட மதிப்பீடு அதன் சொந்த வழிகாட்டுதலின்படியே முழுமையானதல்ல. விடுபட்ட செயல்களைக் குறிப்பிட்டு, மறுமதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதில் கோபமோ குற்றச்சாட்டோ தேவையில்லை.

"குளிக்க மட்டும்" என்று உங்கள் மாமியார் சொன்னதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. சிட்னி கட்ஸ் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு 1963இல் இன்னொரு அளவுகோலை வெளியிட்டார். குளியல், உடுத்தல், கழிப்பறை, படுக்கையிலிருந்து மாறுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்று ஆறு செயல்கள் கொண்டது அது. அதன் தொடக்கமே, உங்கள் மாமியாரைப் போல இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில்தான் இருந்தது. தேறி வருகிறவர்களுக்கு உண்பதும் கட்டுப்பாடும் முதலில் திரும்புகின்றன. எழுந்து மாறுவதும் கழிப்பறைக்குப் போவதும் அடுத்து. உடுத்துவதும் குளிப்பதும் கடைசியில். இழக்கும்போது பெரும்பாலும் வரிசை தலைகீழாகிறது. குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும். ஒருவருக்குக் குளியலில் உதவி தேவை என்றால், அடுத்த படியான உடுத்தலையும் கழிப்பறையையும் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் துருவிக் கேட்பார். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் கேள்வி நின்றுவிட்டது என்பதே என் வருத்தம்.

குளியல் ஏன் முதலில் போகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். குளியலறை வாசலின் சிறு மேட்டைத் தாண்ட ஒற்றைக் காலில் ஒரு நொடி நிற்க வேண்டும். ஈரத் தரையில் பாதம் பிடிமானம் தேடும். முகத்தில் சோப்பு இருக்கும்போது கண் மூடியிருக்கும். கண்ணை நம்பி நிமிர்ந்து நிற்கும் வயதில், கண்ணை மூடிய அந்தச் சில நொடிகளில்தான் உடல் ஆடுகிறது. முதுகுக்குக் கை எட்ட வேண்டும், பாதத்தைக் கழுவக் குனிய வேண்டும், குனிந்தவர் நிமிர வேண்டும். இவற்றில் எந்தக் கண்ணி அறுகிறது என்று தெரிந்தால் உதவி மிகச் சிறியதாக இருக்கலாம்: உட்கார்ந்து குளிக்க உறுதியான ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, நீளமான கைப்பிடி கொண்ட தேய்ப்பான். "குளியல்: உதவி தேவை" என்ற ஒரே வரி இதில் எதையும் சொல்வதில்லை.

சிறுநீர்க் கசிவும் அப்படித்தான். சிறுநீர்ப்பை கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அடக்கும் சக்தி நன்றாக இருந்தும், தாழ்வான கட்டிலிலிருந்து எழ நேரமாகிறது, வாக்கரை எட்ட நேரமாகிறது, இருட்டில் தடவித் தடவிப் போக நேரமாகிறது, முடிச்சை அவிழ்க்க விரல் ஒத்துழைப்பதில்லை என்பதாலேயே நனைந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மருந்து தேவையில்லை. கட்டில் உயரமும், இரவு விளக்கும், எளிதாக அவிழும் உடையும், படுக்கையருகே ஒரு கமோட் நாற்காலியும் போதும். இன்னொரு பக்கம், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மாலையில் கொடுக்கப்படும் நீர் மாத்திரை ஆகியவையும் இதே கசிவை உண்டாக்கும். இரண்டு வழியையும் பார்க்காமல் டயப்பர் கட்டிவிடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்ற கேள்வி பின்தொடர வேண்டும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் மதிப்பீடு ஒரு படிவத்தை நிரப்பும் வேலையாகவே நின்றுவிடும்.

மாத்திரை விஷயம் பார்த்தெல் அட்டவணையில் வரவே வராது. அதற்குத் தனி அளவுகோல் உண்டு: லாட்டனும் பிரோடியும் 1969இல் வகுத்தது. தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே பயணம், மருந்து, பணம் என்று எட்டு விஷயங்களை அது பார்க்கிறது. இவை கைகால் வலுவோடு நினைவும் திட்டமிடும் திறனும் சேர்ந்து இயங்க வேண்டிய காரியங்கள் என்பதால், ஞாபகக் குறைவு முதலில் தலைகாட்டுவது இங்கேதான். பார்த்தெல் அட்டவணையில் முழு 100 வாங்கியவர்கூடத் தனியாக வாழ முடியும் என்று பொருளல்ல என்பதை அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எனவே மறுமதிப்பீட்டில் இந்த இரண்டாவது அடுக்கையும், கூடவே ஒரு நினைவாற்றல் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். "மாத்திரை சரியாகப் போடுகிறீர்களா" என்ற கேள்விக்கு வரும் பதிலால் பயனில்லை. மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்து, "இன்று இரவுக்கு உரியதை எடுத்துக் காட்டுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு, யாரும் குறுக்கே பேசாமல் ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உடையைப் பாதி நீங்கள் போட்டுவிடுவது, அவரால் முடியாததாலா, அவர் செய்தால் நேரமாகும் என்பதாலா? காலை வேளையின் அவசரம் எனக்குத் தெரியும். கேட்பது குறை சொல்வதற்காக அல்ல. முதியவரின் கை செய்யாமல் விட்ட வேலையைச் சில வாரங்களிலேயே மறக்கத் தொடங்கும். தசையும் அதே வேகத்தில் இளைக்கும். இடுப்பெலும்பு முறிவுக்குப் பிந்தைய முதல் ஆண்டு இன்னும் தேறக்கூடிய காலம் என்பதால் இது முக்கியமாகிறது. உட்கார்ந்தபடி மேல்சட்டையை அவரே போட்டுக்கொள்ள பத்து நிமிடம் ஆகும் என்றால், அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, குனிந்து போட வேண்டியவற்றுக்கு மட்டும் நீங்கள் கை கொடுங்கள். தேவைக்குக் குறைவான உதவி விழுவதில் முடியும். தேவைக்கு மிஞ்சிய உதவி படுக்கையில் முடியும். சரியான மதிப்பீடு இரண்டையும் தடுக்க வேண்டும்.

மறுமதிப்பீட்டுக்கு முன், தொடர்ச்சியாக மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுந்ததிலிருந்து மறுநாள் எழும் வரை, இரவையும் சேர்த்து எழுத வேண்டும். இரவு நேரந்தான் இத்தகைய அறிக்கைகளில் அதிகம் விடுபட்டுப்போகிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் எதிரே, தானாகச் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன், நினைவூட்டினேன், கை கொடுத்தேன், முழுக்க நானே செய்தேன் என்ற ஐந்தில் எது பொருந்துகிறதோ அதை எழுதுங்கள். "ரொம்பக் கஷ்டப்பட்டார்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு எதுவும் விளங்காது. "நாற்காலிக் கையை ஊன்றி எழ முயன்றார், முதல் முறை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார், இரண்டாம் முறை என் கையைப் பிடித்து எழுந்தார்" என்று எழுதினால் மதிப்பெண்ணே போட்டுவிடலாம். அவர் நன்றாகச் செய்த நாளையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு நாள் முடிந்து மறுநாள் முடியாமல் போவதும் தேவையின் ஒரு பகுதிதான், அதை மதிப்பீட்டாளர் அறிய வேண்டும்.

மாமியாரின் மனம் நோகாமல் சொல்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அவர் "நானே" என்று சொன்னதற்குப் பின்னால் கூச்சம் இருக்கலாம், தன்னை வேறெங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கலாம், உங்களுக்குப் பாரமாக இருக்கிறோமே என்ற வேதனையும் இருக்கலாம். அந்நியர் முன்னிலையில், "இல்லை, அம்மாவுக்குச் சிறுநீர் கசிகிறது" என்று நீங்கள் மறுத்துப் பேசினால், தகவல் சரியாகும், உறவு புண்படும். அதனால் முந்தின நாளே அவரிடம் பேசுங்கள்: "அம்மா, நாளைக்கு வருகிறவர் உங்களுக்கு மார்க் போட்டுப் பாஸா ஃபெயிலா என்று பார்க்க வரவில்லை. உங்களுக்கும் எனக்கும் என்ன வசதி செய்து தரலாம் என்று பார்க்க வருகிறார். ராத்திரி எழுந்திருக்கிற சிரமத்தை நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?" யார் சொல்வது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடுவது பெரும்பாலும் பலன் தருகிறது. மதிப்பீட்டாளரிடம், மாமியாரிடம் தனியாகவும் உங்களிடம் தனியாகவும் பேசும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். இது வழக்கமான கோரிக்கைதான், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். முடிந்தால் காலையில், அவர் எழுந்து தயாராகும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். முற்பகலில் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் மூதாட்டியைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் கால் மரத்து எழுபவரை யாராலும் ஊகிக்க முடியாது.

அவர் எதைத் தன் கையில் வைத்திருக்க விரும்புகிறார் என்பதையும் அன்று கேட்கச் சொல்லுங்கள். எதை விட்டாலும் கழிப்பறைக் கதவைத் தானே சாத்திக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். அதற்கேற்ப கைப்பிடியை எங்கே வைப்பது, துணைக்கு நிற்பவர் எங்கே நிற்பது என்று திட்டமிட முடியும்.

கணவரின் அண்ணனிடம் எண்களை வைத்து வாதிட வேண்டாம். மூன்று நாள் குறிப்பின் நகலை அனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது இரண்டு இரவு அம்மாவின் அறையில் அவர் படுக்கட்டும். மகனுக்கும் அது நல்லது, உங்களுக்கும் இரண்டு இரவு தூக்கம் கிடைக்கும். உங்கள் தூக்கத்தை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. பராமரிப்பவரின் சுமையை அளக்கவே 22 கேள்விகள் கொண்ட சாரிட் படிவம் ஒன்று இருக்கிறது. உங்கள் முதுகுவலி, கலைந்த தூக்கம், விட்டுப்போன சொந்த வேலை ஆகியவற்றையும் அறிக்கையில் சேர்க்கும்படி நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். மாமியாரின் பராமரிப்புத் திட்டம் முழுவதும் இப்போது உங்கள் ஒருவரின் உடல்நலத்தை நம்பி நிற்கிறது.

மறுமதிப்பீட்டுத் தேதிக்கு முன்பே அவரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்ற வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதுவே விழுவதற்குப் போதுமான காரணம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதும்கூட. அவர் எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், தூக்க மாத்திரை இருந்தால் அதையும், பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாகப் பயன்படுத்தும் வாக்கரோடுதான் நடக்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டென்று கொள்வார்கள். கண்புரை, காது, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஞாபகக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடியிருந்தால் மட்டும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அது தொற்றாலோ மருந்தாலோ வரும் அவசர நிலையாக இருக்கலாம்; அன்றே காட்ட வேண்டும், அந்த நாட்களில் எடுக்கும் மதிப்பீடும் அவருடைய வழக்கமான நிலையைக் காட்டாது. இவையெல்லாம் பார்த்து, மாற்ற வேண்டிய மருந்தை மாற்றி, ஓரிரு வாரம் கழித்து மூன்று நாள் குறிப்பை எழுதத் தொடங்குங்கள். புதிய அறிக்கை வந்ததும், அடுத்த மறுபார்வை எப்போது என்பதை அதிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.